புதுசா விண்டோஸ் போட்டும் சி டிரைவ் சிவப்பு! அப்பா லேப்டாப்பில் எதை அழிக்கலாம்?

வாசுகி_திருச்சி | திங்கள் இரவு 9.40

எல்லாருக்கும் வணக்கம். அப்பாவுக்கு 74 வயசு, ரிட்டயர்டு தமிழாசிரியர். அவரோட லேப்டாப் 2017-ல வாங்கினது. 8 ஜிபி ரேம், நடுவுல ஒரு 120 ஜிபி எஸ்எஸ்டி மாத்திக் கொடுத்தோம். போன புதன்கிழமை ஆன் ஆகாம நின்னுபோச்சு. பக்கத்துக் கடையில கொடுத்ததுக்கு "ஃபார்மட் பண்ணி விண்டோஸ் 10 போட்டாச்சு, டேட்டா எல்லாம் காப்பி பண்ணிட்டோம்"னு அன்னைக்கு சாயந்திரமே திருப்பிக் கொடுத்துட்டாங்க.

இப்போ பிரச்சினை என்னன்னா, புதுசா விண்டோஸ் போட்ட மெஷின்ல 1.9 ஜிபிதான் மிச்சம். பார் முழுக்கச் சிவப்பு. டிரைவர் அப்டேட்டர்னு ஒண்ணு, பிசி பூஸ்டர்னு ஒண்ணு, ரெண்டு ஆன்ட்டிவைரஸ், மூணு பிரவுசர், நாங்க யாரும் கேக்கலை. பூஸ்டர் திறந்தாலே "1,284 பிழைகள்"னு சிவப்புல காட்டி, சரிபண்ணப் பணம் கேக்குது. வலது பக்கம் கீழே அஞ்சு நிமிஷத்துக்கு ஒருக்கா "உங்கள் கணினியில் வைரஸ்"னு ஒரு பெட்டி வேற எட்டிப் பாக்குது.

அப்பாவோட சில ஃபைல்களை வைரஸ் தின்னுடுச்சு போல, திறந்தா கன்னாபின்னான்னு எழுத்து. அது போனது போனதுதான். இருக்கிற குப்பையை எப்படி அள்ளுறதுன்னு மட்டும் சொல்லுங்க.

டர்போ_மணி | திங்கள் இரவு 9.52

ரொம்ப ஈசி சிஸ்டர். சிகிளீனர்னு ஒரு துப்புரவு மென்பொருளை இறக்கி ரிஜிஸ்ட்ரி (விண்டோஸும் புரோகிராம்களும் தங்களோட அமைப்புகளைக் குறிச்சு வைக்கிற பட்டியல்) ஸ்கேன் மூணு தடவை விடுங்க, பிழை பூஜ்யம் ஆகுற வரைக்கும். டெம்ப், பிரிஃபெட்ச் ரெண்டு போல்டரையும் காலி பண்ணுங்க. விண்டோஸ் போல்டருக்குள்ள வின்எஸ்எக்ஸ்எஸ்னு ஒண்ணு ஜிபி கணக்குல இருக்கும், அதுவும் வேஸ்ட்டுதான். சி டிரைவ்ல விண்டோஸ் டாட் ஓல்டுனு இருந்தா அதையும் தூக்கிடுங்க. பத்து நிமிஷ வேலை. நான் என் மெஷின்ல மாசாமாசம் பண்றேன், ராக்கெட் மாதிரி ஓடுது.

பழைய_மதர்போர்டு | திங்கள் இரவு 10.15

வாசுகி, மேலே தம்பி சொன்னதுல ஒண்ணையும் இன்னைக்கு ராத்திரி செய்யாதீங்க. சென்னை ரிச்சி தெருவுல 14 வருஷம் கம்ப்யூட்டர் கடை வச்சிருந்தவன் சொல்றேன். அழிக்கிறதுக்கு முன்னாடி எது எவ்வளவு இடத்தை அடைச்சிருக்குன்னு பாக்கணும். வயித்துவலின்னு வந்தவனைத் தொட்டுக்கூடப் பாக்காம எந்த டாக்டரும் கத்தியை எடுக்க மாட்டார் இல்லையா.

விஸ்ட்ரீனு ஒரு சின்ன இலவச மென்பொருள் இருக்கு. அதோட சொந்தத் தளத்துல இருந்து மட்டும் இறக்குங்க. "இலவச டவுன்லோடு"னு பச்சைப் பட்டன் நாலு வச்சிருக்கிற சைட் பக்கம் போகாதீங்க, இந்தப் பூஸ்டர் கழுதையெல்லாம் அந்த வழியாத்தான் வீட்டுக்குள்ள வரும். விஸ்ட்ரீ ஒவ்வொரு போல்டரா நுழைஞ்சு எண்ணாது. டிஸ்க்குல எந்த ஃபைல் எங்கே இருக்குன்னு ஒரு அட்டவணை இருக்கும், அதை நேரா வாசிச்சிடும். அதனால சில விநாடிதான். அது காட்டுற முதல் ஏழெட்டு வரியை இங்கே போடுங்க.

இன்னொரு கேள்வி. கடைக்காரங்க ஃபார்மட் பண்ணினதை நீங்க பாத்தீங்களா, இல்ல அவங்க சொன்னதா?

வாசுகி_திருச்சி | திங்கள் இரவு 10.48

அவங்க சொன்னதுதான் அண்ணா. விஸ்ட்ரீ காட்டினது இது:

விண்டோஸ் டாட் ஓல்டு 52 ஜிபி. விண்டோஸ் 24. யூசர்ஸ் 13. புரோகிராம் ஃபைல்ஸ் ரெண்டும் சேர்ந்து 9. புரோகிராம் டேட்டா 5. ஹைபர்ஃபில் டாட் சிஸ்னு ஒண்ணு 3.2. பேஜ்ஃபைல் டாட் சிஸ் 2.5.

மொத்தமே 111 ஜிபிதான் காட்டுது. 120-னு சொல்லித்தானே வித்தாங்க, அதுலயும் ஏமாத்திட்டாங்களா?

பழைய_மதர்போர்டு | திங்கள் இரவு 11.05

அதுல ஏமாத்தலை. டிஸ்க் செய்யறவங்க ஆயிரம் ஆயிரமா எண்ணுவாங்க, விண்டோஸ் 1024, 1024-ஆ எண்ணும். 120-ன்னா 111-ன்னுதான் காட்டும்.

ஆனா ஃபார்மட் பண்ணினதாச் சொன்னது பொய். ஃபார்மட் பண்ணியிருந்தா விண்டோஸ் டாட் ஓல்டு இருக்கவே இருக்காது. பழைய விண்டோஸ் இருக்கிற அதே பார்ட்டிஷன்ல, அதாவது டிஸ்க்கோட அதே பகுதியில, புதுசை அப்படியே போட்டா, பழைய விண்டோஸ், பழைய புரோகிராம்கள், பழைய யூசர் போல்டர் எல்லாத்தையும் மூட்டை கட்டி அந்தப் பேர்ல ஒரு மூலையில வைக்கும். உங்க வீட்டுல 52 ஜிபி மூட்டை உக்காந்திருக்கு. ஒரு விதத்துல அந்தக் கடைக்காரர் சோம்பேறித்தனம் உங்களுக்கு நல்லதாப் போச்சு, அப்புறம் சொல்றேன்.

மூட்டைக்குள்ள யூசர்ஸ்னு போல்டர் இருக்கும், அதுல அப்பா பேர். "அனுமதி இல்லை"னு கேட்டா கன்டினியூ அழுத்துங்க. டாக்குமென்ட்ஸைத் திறந்து பாருங்க. எதையும் அழிக்காதீங்க, நகர்த்தாதீங்க.

தள்ளியும் போடாதீங்க. அப்கிரேடு பண்ணின மெஷின்ல இந்த மூட்டையை 10 நாள்ல விண்டோஸே எடுத்துப் போட்டுடும். உங்க கேஸ் மாதிரி மேலே மேலே போட்டதுலயும் ஒருநாள் சத்தமில்லாம காணாமப் போகலாம். புதன்ல இருந்து கணக்குப் போட்டா அஞ்சு நாள் ஆச்சு.

டர்போ_மணி | திங்கள் இரவு 11.11

கடைக்காரங்க காப்பி பண்ணிட்டாங்கன்னு அவங்களே எழுதியிருக்காங்களே. எதுக்கு பயமுறுத்துறீங்க.

கொக்குவிலான் | செவ்வாய் காலை 6.20

வாசுகி தங்கச்சி, நான் யாழ்ப்பாணம். உங்கட கடைசிப் பந்தியைப் பாத்திட்டுத்தான் எழுதுறன். அந்த "கன்னாபின்னா" எழுத்து எப்பிடி இருக்கு? சதுரம் சதுரமா இருக்கோ, இல்லாட்டி இங்கிலீசு எழுத்து மாதிரி இருக்கோ?

ஏன் கேக்கிறன் எண்டா, நான் ஒருக்கா இதே மாதிரி "துப்புரவு" செய்யப் போய், ஃபான்ட்ஸ் போல்டருக்குள்ள இருந்த பழைய தமிழ் எழுத்துருவெல்லாத்தையும் அழிச்சுப் போட்டன். எல்லாக் கம்ப்யூட்டருக்கும் பொதுவான எழுத்து முறை, யூனிகோடு, வந்திட்டுது, இனி இதுகள் எதுக்கு எண்ட நினைப்பு. அடுத்த கிழமை அம்மான்ர சமையல் குறிப்பைத் திறந்தா, "தமிழ்" எண்டு இருந்த இடத்தில இங்கிலீசு ஜே, கே, பி, ஓ, பிறகு ஒரு அரைப்புள்ளி. அம்மா பாமினி எண்ட பழைய எழுத்துருவில அடிச்சவ. பாமினியில "த" எண்டது உண்மையில ஜே எழுத்துக்கு மேல வரைஞ்ச ஒரு படம்தான். எழுத்துரு போனா உள்ளுக்க இருக்கிற ஜே வெளியில வந்து நிக்கும். ஃபைலுக்கு ஒண்டும் நடக்கேல்லை. ரெண்டு நாள் அம்மா என்னோட கதைக்கேல்லை, அது வேற கதை.

வாசுகி_திருச்சி | செவ்வாய் காலை 7.02

அண்ணா, சதுரம் இல்லை. இங்கிலீஷ் எழுத்தும், நடுநடுவுல தலையில ரெண்டு புள்ளி வச்ச, கொம்பு முளைச்ச எழுத்தெல்லாமும் இருக்கு. அப்பாகிட்ட எதுல டைப் பண்ணினீங்கன்னு கேட்டா, "கம்ப்யூட்டர்லதான்"ங்கிறார்.

நள்ளிரவு_அட்மின் | செவ்வாய் காலை 7.30

கொம்பு முளைச்ச எழுத்துன்னா பாமினியா இருக்க வாய்ப்பு கம்மி, அது பெரும்பாலும் கீபோர்டுல இருக்கிற சாதா எழுத்துக்குள்ளேயே முடிஞ்சுடும். கண்டுபிடிக்கிறது சுலபம் வாசுகி. அந்த ஃபைலை வேர்டுல திறங்க. ஏதாவது ஒரு வரிக்கு நடுவுல கிளிக் பண்ணிட்டு மேலே ஃபான்ட் பேர் காட்டுற பெட்டியைப் பாருங்க. எழுத்துரு கம்ப்யூட்டர்ல இல்லாட்டியும் வேர்டு பேரை மறக்காது, பழைய பேரையே காட்டும்.

எந்த எழுத்துருவா இருந்தாலும் சரி, அது இப்போ இருக்கிற இடம் அதே 52 ஜிபி மூட்டை. விண்டோஸ் டாட் ஓல்டு, அதுக்குள்ள விண்டோஸ், அதுக்குள்ள ஃபான்ட்ஸ்.

மணி, உங்களுக்கும் ஒரு வார்த்தை. ஆபீஸ்ல முந்நூறு மெஷின் பாக்குறேன், ரிஜிஸ்ட்ரி கிளீனரை ஒண்ணுலகூட ஓட விட்டதில்லை. ஒரு புரோகிராமை எடுத்த பிறகு ரிஜிஸ்ட்ரியில தங்குற நூறு வரியும் சேர்ந்து சில கேபிதான். ஒரு வாட்ஸப் குட்மார்னிங் படம் அதைவிடப் பெருசு. அதைத் துடைச்சா வேகம் கூடாது. தப்பான வரி போச்சுன்னா ஏதோ ஒரு மென்பொருள் நொண்டும், எதனாலன்னு கண்டுபிடிக்க ஒரு நாள் போகும். மைக்ரோசாப்ட்டே இந்த வகைக் கருவிகளை ஆதரிக்கிறதில்லைன்னு எழுதி வச்சிருக்கு. 2017-ல சிகிளீனரோட 5.33 பதிப்புக்குள்ளேயே யாரோ தீம்பொருளைப் புகுத்தி, கிட்டத்தட்ட ஒரு மாசம் அதிகாரபூர்வ தளத்துல இருந்தே அது போய்ச் சேர்ந்துச்சு. 22 லட்சத்துக்கு மேல மெஷின்கள். துடைக்க வந்த துணியிலேயே அழுக்கு. இப்போ இருக்கிற பதிப்பைக் குறை சொல்லலை, இது எதுக்குத் தேவைன்னுதான் கேக்குறேன்.

வின்எஸ்எக்ஸ்எஸ் விண்டோஸ் தன்னோட சொந்த ஃபைல்களை வைக்கிற இடம், அதைக் கையால தொடவே கூடாது. அதுல காட்டுற அளவுல பாதி கண்கட்டு வித்தை: ஒரே ஃபைலுக்கு ரெண்டு இடத்துல பேர் இருக்கும், எக்ஸ்ப்ளோரர் ரெண்டு தடவை எண்ணும். விண்டோஸ் போல்டருக்குள்ள இன்ஸ்டாலர்னு மறைஞ்சிருக்கிறதும் அப்படித்தான், பெருசா இருக்கேன்னு அழிச்சா நாளைக்கு ஆபீஸை அப்டேட்டும் பண்ண முடியாது, எடுக்கவும் முடியாது. பிரிஃபெட்ச், புரோகிராம் சீக்கிரம் திறக்க விண்டோஸ் எழுதி வச்சுக்கிற குறிப்பு, சில எம்பிதான், அழிச்சா விண்டோஸ் மறுபடி எழுதிக்கும். அவ்வளவு வேலையும் வீண்.

டர்போ_மணி | செவ்வாய் காலை 8.14

இன்ஸ்டாலர் போல்டர் மேட்டர் உண்மைதான். போன வருஷம் அழிச்சேன், அன்னையில இருந்து ஆபீஸ் அப்டேட் ஆகலை. ரெண்டுக்கும் சம்பந்தம் இருக்குன்னு இப்போதான் தெரியுது.

பென்குயின்_பித்தன் | செவ்வாய் காலை 8.40

விண்டோஸுக்குப் பதிலா லினக்ஸ் மின்ட் போடுங்க. இந்தத் தலைவலியே வராது.

பழைய_மதர்போர்டு | செவ்வாய் காலை 8.47

வாங்க பென்குயின், உங்களைத்தான் இன்னும் காணோமேன்னு பாத்தேன். 74 வயசு வாத்தியாரைப் புதுசா ஒண்ணாம் கிளாஸ்ல சேக்கச் சொல்றீங்க. அதுவும் அவர் பழைய எழுத்துருவுல அடிச்ச ஃபைலோட இருக்கும்போது. ஆனா ஒண்ணு, விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாப்ட் 2025 அக்டோபர் 14-ஓட சாதாரண ஆதரவை நிறுத்திடுச்சு. 2017 மெஷின் பெரும்பாலும் விண்டோஸ் 11 சோதனையில பாஸ் ஆகாது. அந்தப் பேச்சை இன்னொரு நாள் பேசத்தான் வேணும். இன்னைக்கு வேண்டாம்.

வாசுகி_திருச்சி | செவ்வாய் இரவு 8.25

கை நடுங்குது எழுதறப்போ.

கடைக்காரங்க காப்பி பண்ணினது டெஸ்க்டாப் மட்டும்தான். எங்க கல்யாண வீடியோ, நாலு போட்டோ போல்டர், இருபது முப்பது ஃபைல். மூட்டைக்குள்ள டாக்குமென்ட்ஸ்ல "திருக்குறள் வகுப்பு", "கடிதங்கள்", "அம்மா"ன்னு மூணு போல்டர். 431 ஃபைல். அப்பா அதைக் காணோம்னு என்கிட்ட சொல்லவே இல்லை. கேட்டதுக்கு, "பழசுதானேம்மா, உனக்கு எதுக்கு சிரமம்"ங்கிறார்.

வேர்டுல ஃபான்ட் பெட்டி காட்டின பேர் வானவில் அவ்வையார். மூட்டைக்குள்ள ஃபான்ட்ஸ் போல்டர்ல இருந்துச்சு. நூறு கேபிகூட இல்லை. டெஸ்க்டாப்புக்கு காப்பி பண்ணி, ரைட் கிளிக் பண்ணி இன்ஸ்டால் கொடுத்தேன். வேர்டை மூடித் திறந்தா, முதல் வரியிலேயே தமிழ்! 2009-ல எனக்கு எழுதின கடிதம், நான் ஹாஸ்டல்ல இருந்தப்போ. "மெஸ்ஸில் மோர் வாங்கிக் குடிக்கவும்"னு இருக்கு.

கொக்குவிலான் | செவ்வாய் இரவு 8.31

அப்பாடா. இப்ப அந்த எழுத்துரு ஃபைலை ரெண்டு இடத்தில எடுத்து வையுங்கோ. ஒண்டு பென்டிரைவில, ஒண்டு உங்கட மெயிலுக்கே அனுப்பி.

நள்ளிரவு_அட்மின் | செவ்வாய் இரவு 8.50

சூப்பர் வாசுகி. மூணு போல்டரையும் பென்டிரைவுக்கு காப்பி பண்ணி, அங்கிருந்தே நாலஞ்சு ஃபைலைத் திறந்து பாருங்க, வேற கம்ப்யூட்டர்ல பாத்தா இன்னும் நல்லது. பிக்சர்ஸ், வீடியோஸ், டவுன்லோட்ஸும் பாத்துடுங்க. அப்பா டைப் பண்ற மென்பொருள் எதுன்னு பேரைக் குறிச்சுக்குங்க, திரும்பப் போடணும். ஆப்டேட்டா போல்டர்ல (புரோகிராம்கள் தங்களோட விவரங்களை வைக்கிற இடம்) அவுட்லுக் மெயில், பிரவுசர் புக்மார்க் ஏதாவது இருக்கான்னும் பாருங்க.

பழசை யூனிகோடுக்கு மாத்தணும்னா என்எச்எம் கன்வர்ட்டர், அழகி பிளஸ் மாதிரி கருவிகள் இருக்கு. தமிழ்நாடு அரசாங்கமே 2010-ல யூனிகோடையும் டேஸ்16-ங்கிற இன்னொரு தமிழ் எழுத்து முறையையும் தரமா அறிவிச்சது, இனி அடிக்கிறதை யூனிகோடுல அடிக்கச் சொல்லுங்க. ஆனா மாத்துறதை காப்பியில பண்ணுங்க, மூலத்தைத் தொடாதீங்க. நடுவுல இங்கிலீஷ் வார்த்தை இருந்தா கன்வர்ட்டர் அதையும் தமிழ்னு நினைச்சு மாத்தி வைக்கும். கடிதத்துல "மெஸ்"னு தமிழ்லயே எழுதியிருக்கார், வாத்தியார் தப்பிச்சார்.

பழைய_மதர்போர்டு | செவ்வாய் இரவு 9.20

இப்போ மூட்டையைத் தூக்கலாம். டிலீட் பட்டனை அழுத்தினா "அனுமதி இல்லை"னு பாதியில நிக்கும். செட்டிங்ஸ், சிஸ்டம், ஸ்டோரேஜ், டெம்பரரி ஃபைல்ஸ் போங்க. "முந்தைய விண்டோஸ்"ங்கிற அர்த்தத்துல ஒரு வரி இருக்கும், அதுல மட்டும் டிக். டவுன்லோட்ஸ்னு இன்னொரு வரி இருக்கும், அதுல டிக் போட்டுடாதீங்க, உங்க டவுன்லோட்ஸ் போல்டரை முழுசா வழிச்சிடும். 2018 அக்டோபர் அப்டேட்டுல பழைய டிஸ்க் கிளீனப்லயும் அந்த வரியைச் சேத்தாங்க. கண்ணை மூடிக்கிட்டு எல்லாத்துலயும் டிக் போட்டுப் பழகினவங்க நிறையப் பேர் அதுல மாட்டினாங்க. 2020-ல அங்கிருந்து எடுத்துட்டாங்க, செட்டிங்ஸ் பக்கத்துல இன்னும் இருக்கு.

ஹைபர்ஃபில் 3.2 ஜிபி, உங்க 8 ஜிபி ரேம்ல நாப்பது சதவீதம். அது ஹைபர்நேட்டுக்கும் (திறந்திருக்கிறதை அப்படியே டிஸ்க்குல சேமிச்சு அணைக்கிறது) ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்புக்கும் (சீக்கிரம் ஆன் ஆகுறது). அப்பா தினமும் ஷட்டவுன் பண்றவர்னா நிறுத்திடலாம், ஆன் ஆக ஒரு சில விநாடி கூடும், அவ்வளவுதான். 52 போன பிறகும் இடம் பத்தலைன்னா பாத்துக்கலாம். பேஜ்ஃபைல் ரேம் பத்தாதப்போ விண்டோஸ் பயன்படுத்துறது, அதை விட்டுடுங்க.

அடுத்து புரோகிராம்கள். முதல்ல பூஸ்டர், அப்புறம் டிரைவர் அப்டேட்டர், அப்புறம் ரெண்டு ஆன்ட்டிவைரஸும். ஆமா, ரெண்டுமே. ரெண்டு காவல்காரன் ஒரே வாசல்ல நின்னா ஒருத்தனை ஒருத்தன் பிடிச்சுக்குவான். ரெண்டும் போனா விண்டோஸோட டிஃபெண்டர் தானே எழுந்துக்கும், வீட்டுக்கு அது போதும். ஆன்ட்டிவைரஸ் சாதாரணமாப் போகலைன்னா அந்தந்தக் கம்பெனியே அதை நீக்க ஒரு தனிக் கருவி வச்சிருக்கும்.

மைக்ரோசாப்ட் விஷுவல் சி பிளஸ் பிளஸ்னு வருஷ நம்பரோட ஏழெட்டு வரி இருக்கும். ஒரே சாமான் எட்டு தடவைன்னு தோணும். தொடாதீங்க. ஒவ்வொரு வருஷத்துதையும் நம்பி ஏதோ ஒரு புரோகிராம் இருக்கும், அழிச்ச அன்னைக்குத்தான் எதுன்னு தெரியும்.

வாசுகி_திருச்சி | புதன் காலை 11.10

எல்லாம் எடுத்தாச்சு. ஆனா டிரைவர் அப்டேட்டர் லிஸ்ட்ல இல்லை, ரீஸ்டார்ட் பண்ணினா மறுபடியும் அதோட பெட்டி வருது! "உங்கள் கணினியில் வைரஸ்" பெட்டியும் போகலை.

நள்ளிரவு_அட்மின் | புதன் காலை 11.34

ரெண்டும் வேற வேற ஆசாமி.

அப்டேட்டர் போறப்போ ஒரு சாவியை விட்டுட்டுப் போயிருக்கு. ஸ்டார்ட் மெனுவுல டாஸ்க் ஷெட்யூலர்னு தேடித் திறங்க. இடது பக்கம் லைப்ரரியைக் கிளிக் பண்ணினா பட்டியல் வரும், அதுல அது பேர்ல ஒரு வரி, "லாக் ஆன் ஆகும்போது"ன்னு இருக்கும். அதை மட்டும் டிலீட். அப்புறம் புரோகிராம் டேட்டாவுலயும் ஆப்டேட்டாவுலயும் அதே பேர்ல அனாதையா நிக்கிற போல்டரை அழிச்சிடுங்க. ரெவோ, கீக் அன்இன்ஸ்டாலர் மாதிரி கருவிகள் இந்த மிச்சங்களைத் தேடித் தரும். ஆனா அது காட்டுறதுல உங்களுக்குப் பேர் தெரிஞ்சதை மட்டும் டிக் பண்ணுங்க.

வைரஸ் பெட்டி புரோகிராமே இல்லை. புது விண்டோஸ் வந்த பிறகு அப்பா ஏதோ ஒரு ராசிபலன் சைட்டுலயோ சீரியல் சைட்டுலயோ "அலவ்" அழுத்தியிருப்பார். அந்த சைட் குரோம் வழியா அனுப்புற நோட்டிஃபிகேஷன் அது. உத்துப் பாத்தா பெட்டிக்குள்ள சின்ன எழுத்துல குரோம்னும் ஏதோ ஒரு சைட் பேரும் இருக்கும். எங்க மாமியார் வீட்டுல இதுக்காக ஒருத்தர் 1,500 ரூபாய் வாங்கிட்டு ஃபார்மட்டே பண்ணினார், அது தேவையே இல்லை. குரோம் செட்டிங்ஸ், பிரைவசி, சைட் செட்டிங்ஸ், நோட்டிஃபிகேஷன்ஸ் போங்க. அனுமதிச்ச பட்டியல்ல தெரியாத பேரையெல்லாம் நீக்குங்க. "சைட்டுகள் கேக்கவே கூடாது"ங்கிற ஆப்ஷனையும் போட்டுடுங்க.

டர்போ_மணி | புதன் மதியம் 12.05

அந்த நோட்டிஃபிகேஷன் லிஸ்ட் என் குரோம்ல பாத்தேன். பதினேழு சைட். ராக்கெட் கொஞ்சம் சத்தம் போட்டுக்கிட்டே ஓடினதுக்கு இதுதான் காரணம் போல.

வாசுகி_திருச்சி | வியாழன் இரவு 9.15

இப்போ 61 ஜிபி காலி. பார் நீலத்துக்கு வந்துடுச்சு, ஹைபர்நேட்டைத் தொடவே இல்லை. பெட்டிகள் எதுவும் வரலை. பென்டிரைவ்ல 431 ஃபைலும் எழுத்துருவும் இருக்கு, மெயில்லயும் அனுப்பிட்டேன். எல்லாருக்கும் நன்றி. கொக்குவில் அண்ணாவுக்கு ஸ்பெஷலா, நீங்க கேக்கலைன்னா நான் செவ்வாய்க்கிழமை காலையிலேயே மூட்டையைத் தூக்கியிருப்பேன்.

ஒரே ஒரு சிக்கல். ரீசைக்கிள் பின்னைக் காலி பண்ணலாம்னு போனேன், அப்பா பக்கத்துல நாற்காலியைப் போட்டு உக்காந்துட்டார். ஒவ்வொரு ஃபைலையும் திறந்து காட்டினாத்தான் விடுவாராம். மணி ஒன்பதேகால், இப்போ பதினாலாவது ஃபைல்ல இருக்கோம்.